வென்ற குதிரை தாயாகும்போது

நாவலும் கவிதையும் பேசப்படும் அமர்வில் குதிரைக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். அழைத்த நண்பர்கள் சொன்ன காரணம் எளிமையானது. ஒவ்வொருவரும் தாம் செய்யும் தொழிலிலிருந்து ஒரு விஷயத்தைச் சொல்லட்டும், எழுதுகிறவர்களுக்கு அது எங்காவது உதவும் என்றார்கள். என்னிடம் இருப்பது குதிரைதான். அதனால் குதிரையைப் பற்றியே பேசுகிறேன்.

நான் கால்நடை மருத்துவன் அல்ல. ஆஸ்திரேலியாவில், சிட்னிக்கு வடக்கே உள்ள ஹண்டர் பள்ளத்தாக்கில், பந்தயக் குதிரைகளை வளர்க்கும் பண்ணைகளில் வேலை செய்து வருகிறவன். ஈனும் பருவத்தில் இரவு முழுவதும் சினைக்குதிரைகளைக் கவனித்துக்கொண்டிருப்பது என் வேலை. பெரும்பாலான குதிரைகள் இருட்டில், ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகுதான் ஈனும். மருத்துவர் வருவதற்கு முன் அந்தக் கால் மணி நேரம் பக்கத்தில் இருப்பவர்கள் எங்களைப் போன்றவர்கள். நான் சொல்லப்போவது அங்கே பார்த்ததும், மருத்துவர்களிடம் கேட்டுக் கற்றதும், படித்ததும்.

நம் ஆட்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “இவ்வளவு ஓடி உடம்பை வருத்திக்கொண்ட குதிரைக்குக் குட்டி தங்குமா?” 2024 ஆகஸ்ட் 17 அன்று பிளாக் கேவியர் இறந்தபோது இந்தக் கேள்வி இன்னும் அதிகமாக வந்தது. 25 பந்தயங்கள் ஓடி 25-லும் வென்ற குதிரை அது. 2012-இல் இங்கிலாந்தின் ராயல் ஆஸ்கட்டிலும் போய் வென்றது. ஒரு குட்டியை ஈன்ற நாளில், தன் 18-ஆவது பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்னால், குளம்புக்குள் ஏற்படும் லாமினைட்டிஸ் என்ற கொடிய அழற்சியால் அதைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. குட்டியும் பிழைக்கவில்லை. “ஓட வைத்தே கொன்றுவிட்டார்கள்” என்று ஒரு நண்பர் எழுதினார். அது சரியல்ல. 2013-இல் ஓய்வு பெற்ற அந்தக் குதிரை அடுத்த ஆண்டே முதல் குட்டியை ஈன்றுவிட்டது. அதன் பிறகும் பல குட்டிகள். பந்தயம் அதன் வயிற்றைக் கெடுக்கவில்லை. ஆனால் அந்த நண்பரின் கோபத்தில் நியாயம் எதுவும் இல்லை என்றும் சொல்லமாட்டேன். அது எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் பெண்குதிரையின் உடல் எந்தக் கணக்கில் இயங்குகிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

பெண்குதிரை பகல் வெளிச்சத்தை வைத்துக் காலத்தைக் கணக்கிடும் விலங்கு. பகல் நீளும்போது அதன் சினைப்பைகள் விழித்துக்கொள்ளும். பகல் குறுகும்போது உறங்கிவிடும். வசந்தமும் கோடையும்தான் அதற்குப் பருவம். அந்த மாதங்களில் சுமார் 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். அதில் 5 முதல் 7 நாள் வரை ஆண்குதிரையை ஏற்கும். கருமுட்டை வெளிப்படுவது அந்த நாட்களின் கடைசியில். சினைக்காலம் சுமார் 340 நாள், அதாவது 11 மாதத்துக்குச் சற்று மேல். ஆண்டுக்கு 365 நாள். எனவே, ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் குட்டி வேண்டுமென்றால், ஈன்ற 25 நாளுக்குள் அது மறுபடியும் சினைப்பட்டாக வேண்டும். ஒரு மாதம் தவறினால் அடுத்த குட்டி ஒரு மாதம் பிந்தும். இரண்டு மூன்று ஆண்டுகள் இப்படிப் பிந்தினால் பருவமே கடந்துபோய், ஓர் ஆண்டு வெறுமனே கழியும்.

இந்த இயற்கைக் கணக்கின்மேல் மனிதன் தன் கணக்கு ஒன்றை ஏற்றிவைத்திருக்கிறான். ஆஸ்திரேலியாவில் எல்லாப் பந்தயக் குதிரைகளுக்கும் ஆகஸ்ட் 1 பிறந்தநாள். வடக்கே, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும், ஜனவரி 1. ஆகஸ்டில் பிறந்த குட்டிக்கும் நவம்பரில் பிறந்த குட்டிக்கும் ஏட்டில் ஒரே வயதுதான். இரண்டு வயதுப் பந்தயத்தில் மூன்று மாத மூப்பு என்பது பெரிய லாபம். அதனால் எல்லோருக்கும் சீக்கிரம் பிறக்கும் குட்டி வேண்டும். அதற்காகக் குளிர்காலத்திலேயே லாயத்தில் விளக்கு போட்டு, நாளுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் கிடைக்கச் செய்து, வசந்தம் வந்துவிட்டது என்று குதிரையின் மூளையை நம்பவைக்கிறோம். இப்போது ஒரு கண்ணில் மட்டும் நீல ஒளி படும் முகமூடிகளும் வந்துவிட்டன. இரவில் மேய்ச்சல் நிலத்தில் அந்த நீலப் புள்ளிகள் அசைவதை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் பயந்துபோவார்கள்.

இன்னொரு விதி இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது. தரோபிரெட் எனப்படும் பந்தயக் குதிரை இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு இடமில்லை. கருவை எடுத்து வாடகைத் தாயின் வயிற்றில் வைப்பதற்கும் இடமில்லை. ஆண்குதிரையும் பெண்குதிரையும் நேரில் சேர்ந்து, அந்தப் பெண்குதிரையே சுமந்து ஈன்ற குட்டியைத்தான் பதிவேட்டில் சேர்ப்பார்கள். அர்ஜென்டினாவின் போலோ குதிரைகளோடு ஒப்பிட்டால் இதன் பொருள் விளங்கும். அங்கே திடலில் விளையாடிக்கொண்டிருக்கும் சிறந்த பெண்குதிரையிடமிருந்து கருவை எடுத்து வேறு குதிரையின் வயிற்றில் வைக்கிறார்கள். தாய் விளையாடிக்கொண்டே இருக்கும், குட்டிகளும் பிறந்துகொண்டே இருக்கும். பந்தயக் குதிரைக்கு அப்படியில்லை. ஓடினால் தாயாக முடியாது, தாயானால் ஓட முடியாது. சினையின் தொடக்கத்தில் மட்டும் ஓடலாம். பிரித்தானியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 120 நாள் வரை விதி இடம் கொடுக்கிறது. அதற்குமேல் கூடாது.

ஆகவே பந்தயத்தில் கழியும் ஒவ்வோர் ஆண்டும் தாய்மையின் கணக்கில் ஓர் ஆண்டு குறைவு. பந்தயம் பெண்குதிரையிடமிருந்து எடுத்துக்கொள்வதில் பெரியது இதுதான் என்பது என் எண்ணம். உடலில் அது விட்டுச்செல்லும் மற்ற விளைவுகளில் பெரும்பாலானவை பொறுத்திருந்தால் சரியாகிவிடும். அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது மெலிவு. பயிற்சியில் இருக்கும் குதிரைக்குத் தசை இருக்கும், கொழுப்பு இருக்காது. குதிரையின் உடற்கட்டை 1 முதல் 9 வரை மதிப்பெண் போட்டுப் பார்க்கும் முறையை 1983-இல் டெக்சஸில் ஹென்னெக் என்பவர் வகுத்தார். இன்றும் உலகம் முழுக்க அதுதான் வழக்கில் இருக்கிறது. விலா எலும்பைத் தடவிப் பார்ப்போம், வாலடியைத் தொட்டுப் பார்ப்போம். 5-க்குக் கீழே இருக்கும் பெண்குதிரை பருவத்துக்கு வரத் தாமதிக்கும், சினை பிடிப்பதும் குறையும். எனக்கு முதலில் இது புதிராக இருந்தது. ஓடும்போது பார்ப்பவர்கள் மெச்சும் அதே உடலை, இனப்பெருக்கம் “இன்னும் தயாராகவில்லை” என்று திருப்பி அனுப்பிவிடுகிறது.

இரண்டாவது, மெலிவோடு சேர்ந்து வருவது. கொழுப்புக் கரைந்த குதிரையில் பிறப்புறுப்பின் இதழ்கள் உள்வாங்கிச் சரியாக மூடாமல் போகும். ஓடும்போது காற்றும் அழுக்கும் உள்ளே இழுக்கப்படும். அழற்சி வரும். இதைத் தடுக்க மேல்பகுதியைத் தைத்துவிடுவார்கள். 1937-இல் கேஸ்லிக் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்த சிறு அறுவைச் சிகிச்சை இது. பயிற்சிக்கு வரும் இளங்குதிரைகள் பலவற்றுக்கு இதை வழக்கமாகவே செய்துவிடுகிறார்கள். பண்ணைக்கு வந்த பிறகு, இணை சேர்ப்பதற்கு முன்பும் ஈனுவதற்கு முன்பும் அந்தத் தையலைப் பிரிக்க வேண்டும். மறந்துவிட்டால் குட்டி வரும் வேகத்தில் தாயின் உடல் கிழிந்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு சினைக்குதிரையின் அட்டையிலும் தையல் பிரித்தாகிவிட்டதா என்று எழுதியிருக்கும். இரவுப் பணிக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மூன்றாவது மருந்துகள். பருவத்துக்கு வரும் நாட்களில் சில பெண்குதிரைகள் எரிச்சல்படும், கவனம் சிதறும். அதனால் பருவத்தைத் தள்ளிப்போட ஆல்ட்ரெனோஜெஸ்ட் என்ற இயக்குநீர் மருந்தைத் தினமும் வாய்வழியே கொடுக்கிறார்கள். நிறுத்திய சில நாட்களில் சுழற்சி திரும்பிவிடும், பெரும்பாலும் தீங்கில்லை. இதில் ஒரு விசித்திரம் உண்டு. பந்தய லாயத்தில் பருவத்தை அடக்கக் கொடுத்த அதே மருந்தை, பண்ணையில் கரு கலையாமல் காக்கவும் கொடுக்கிறோம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த எண்ணெய் மருந்து மனிதத் தோலிலும் ஊறும். பெண்களின் மாதவிடாய்ச் சுழற்சியைக் குலைக்கும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. கையுறை இல்லாமல் அந்தப் போத்தலை எடுக்கக்கூடாது என்பது பண்ணையில் சொல்லித்தரும் முதல் பாடங்களில் ஒன்று.

இதைவிடக் கடுமையானது ஆண்தன்மை ஊட்டும் ஸ்டீராய்டுகள். போல்டெனோன், ஸ்டானோசோலோல் போன்றவை தசையைக் கூட்டுவதற்காக ஒரு காலத்தில் அமெரிக்காவில் சட்டப்படியே கொடுக்கப்பட்டன. இவற்றை நீண்டநாள் வாங்கிய பெண்குதிரை பருவத்துக்கு வராது. ஆண்குதிரையைப் போல மற்றக் குதிரைகளை விரட்டும். சினைப்பை சுருங்கி உறங்கும். மருந்து நின்ற பிறகும் பழைய நிலைக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம். 2008-ஐ ஒட்டி அமெரிக்க மாநிலங்கள் தடை விதிக்கத் தொடங்கின. ஆஸ்திரேலியாவில் 2014 முதல் 6 மாதத்துக்கு மேற்பட்ட பந்தயக் குதிரைகளுக்கு அறவே தடை. பந்தயம் ஓடிய குதிரை மலடாகும் என்ற பழைய நம்பிக்கைக்கு ஓட்டத்தைவிட இந்த மருந்துகள்தான் அதிகம் தீனி போட்டிருக்கும் என்பது என் ஊகம்.

நான்காவது, கேட்டால் நம்ப மாட்டீர்கள். பருவத்தை அடக்குவதற்காக 35 மில்லிமீட்டர் அளவுள்ள கண்ணாடிக் கோலிக்குண்டைக் கருப்பைக்குள் வைக்கும் வழக்கம் ஒன்று இருந்தது. கரு இருக்கிறது என்று உடல் ஏமாந்துபோகும் என்பது எண்ணம். சில குதிரைகளில் பலித்தது, பலவற்றில் பலிக்கவில்லை. துயரம் என்னவென்றால் குதிரை கைமாறும்போது கோலிக்குண்டும் சேர்ந்து கைமாறும். வாங்கியவருக்குத் தெரியாது. சினை ஏன் பிடிக்கவில்லை என்று தேடும்போது ஸ்கேனில் வட்டமாக ஒன்று தெரியும். உள்ளே உடைந்துபோன குண்டுகளும் உண்டு. மருத்துவர்கள் இப்போது இதை வேண்டாம் என்கிறார்கள்.

ஐந்தாவது எலும்பு. கடும் பயிற்சியில் இடுப்பெலும்பில் விரிசல் விழலாம். ஓடுவதற்கு ஏற்றபடி அது ஆறிவிடும். ஆனால் ஆறிய இடத்தில் எலும்பு தடித்துப் பிறப்புப் பாதை குறுகியிருந்தால், அது ஈனும்போதுதான் தெரியவரும். அந்த நேரத்தில் தெரிந்து பயனில்லை. அதனால் இடுப்பு முறிந்த வரலாறு உள்ள குதிரையை இணை சேர்ப்பதற்கு முன்பே உள்ளே கைவிட்டு அளந்து பார்ப்பார்கள்.

இனி ஓட்டம் என்ற செயலுக்கு வருவோம். மருந்தும் தையலும் இல்லாமல், வெறும் உடற்பயிற்சி மட்டும் கருவைப் பாதிக்குமா? டெக்சஸில் இதைச் சோதித்திருக்கிறார்கள். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாட்களில் தினமும் அரை மணி நேரம் பயிற்சி செய்த பெண்குதிரைகளிடமிருந்தும், செய்யாதவற்றிடமிருந்தும் கருக்களை எடுத்துப் பார்த்தார்கள். பயிற்சி செய்தவற்றில் கிடைத்த கருக்கள் குறைவு, தரமும் குறைவு. உடலின் உள்வெப்பம் உயர்வது இளங்கருவுக்கு ஆகாது என்பது இதற்கு ஒரு விளக்கம். ஆனால் இது பயிற்சி நடக்கும் காலத்துக்கான செய்தி. பயிற்சியை விட்டு மேய்ச்சலுக்குப் போன குதிரையை இது கட்டுப்படுத்தாது.

வெப்பம் என்றதும் நம் ஊர்க் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகரையும், நரி பரியான கதையையும் அறியாதவர் நம்மில் இல்லை. அந்தக் கதைக்குப் பின்னால் ஒரு வரலாற்று உண்மை இருக்கிறது. தமிழ்நாட்டு அரசர்கள் குதிரைகளைக் கடல்வழியே வாங்கிக்கொண்டே இருந்தார்கள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ அதை எழுதியிருக்கிறார். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்து இறங்குவதையும், அவற்றில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் இறந்துபோவதையும் சொல்கிறார். நல்ல ஆணையும் நல்ல பெண்ணையும் சேர்த்தாலும் இங்கே கால் கோணிய, ஏறிப்போக உதவாத குட்டிதான் பிறக்கிறது என்கிறார். குதிரைகளுக்குச் சோறும் இறைச்சியும் சமைத்துப் போட்டார்களாம். குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இங்கே வந்துவிடாதபடி விற்கும் வணிகர்களே பார்த்துக்கொண்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்தது விற்கும்! அவர் சொன்னது முழுக்கச் சரியா என்பதை வரலாற்றாசிரியர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அதில் ஒரு பாடம் தெரிகிறது. தாய் தந்தையின் பெருமை மட்டும் குட்டியை உண்டாக்குவதில்லை. தாய் எதைத் தின்றது, எந்தச் சூழலில் சுமந்தது, அதைப் பார்த்துக்கொண்டவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதெல்லாம் குட்டியில் சேரும்.

அதனால்தான் பந்தயத்திலிருந்து வரும் குதிரைக்கு நல்ல பண்ணைகள் முதலில் இரண்டு மூன்று மாதம் ஒன்றும் செய்வதில்லை. லாடத்தைக் கழற்றுவார்கள். தானியத்தைக் குறைத்துப் புல்லுக்குப் பழக்குவார்கள். அமைதியான ஒரு துணைக்குதிரையோடு திறந்த வெளியில் விடுவார்கள். நாளின் பெரும்பகுதியை நான்கு சுவருக்குள் கழித்த குதிரைக்குத் திறந்தவெளி முதலில் அச்சம் தரும். வேலியோரமாக முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருக்கும். பிறகு ஒரு நாள் படுத்து மண்ணில் புரளும். அதைப் பார்த்ததும் எங்களில் மூத்தவர்கள், “சரி, இது இனிப் பிழைத்துக்கொள்ளும்” என்பார்கள். வயிறு தளர்ந்து, முதுகில் சதை பிடித்து, விளக்கு வெளிச்சத்தில் ரோமம் உதிர்ந்து, பருவத்துக்கு வந்த பிறகுதான் ஆண்குதிரையிடம் கொண்டுபோவார்கள். 14 அல்லது 15-ஆம் நாள் ஸ்கேனில் கரு சிறு கருவட்டமாகத் தெரியும். இப்படிப் பொறுத்திருந்தால், இளம் வயதில் ஓய்வுபெற்ற குதிரை, ஓடாத குதிரையைப் போலவே சினை பிடிக்கும். பண்ணையில் நாங்கள் பார்ப்பது இதுதான்.

இனிச் சரியாகாத ஒன்றைப் பற்றி. அது வயது. பெண்குதிரை தன் வாழ்நாளுக்கான கருமுட்டைகள் அனைத்தையும் சுமந்துகொண்டே பிறக்கிறது. முட்டைக்கும் தாயின் வயதுதான். 15 வயதை நெருங்கும்போது சினை பிடிப்பது குறையும், பிடித்த கரு தொடக்கத்திலேயே கலைவது கூடும். இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. வயது ஏறியும் ஒரு முறையும் ஈனாத குதிரைக்குத் தனிச் சிக்கல். அதன் கருப்பை வாய் இறுகி, நெகிழ மறுக்கும். இணை சேர்ந்த பின் கருப்பைக்குள் தேங்கும் நீர் வெளியேறாமல் அழற்சியாக மாறும். அடுத்து, முதல் குட்டி பொதுவாகச் சற்றுச் சிறியது. கருப்பை ஒரு முறை சுமந்து பழகிய பிறகுதான் நஞ்சுக்கொடி நன்றாக வேர்பிடிக்கிறது என்பதை நியூமார்க்கெட்டில் ஆலனும் வில்ஷரும் செய்த ஆய்வுகள் காட்டின.

செக்ரட்டேரியட் பிறந்தபோது அதன் தாய் சம்திங்ராயலுக்கு 18 வயது என்று யாராவது சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் சம்திங்ராயல் வாழ்க்கையில் ஓடியது ஒரே ஒரு பந்தயம். இளமையிலேயே பண்ணைக்கு வந்து, ஆண்டுகளாக ஈன்று பழகிய வயிறு அது. 7 வயது வரை ஓடிவிட்டு முதல் முறையாகத் தாயாகும் குதிரையின் நிலை வேறு.

வின்க்ஸ் 7 வயதில்தான் ஓய்வு பெற்றது. 43 பந்தயங்களில் 37 வெற்றி, கடைசி 33-உம் தொடர் வெற்றி, காக்ஸ் பிளேட் நான்கு முறை. 2019-இல் ஓட்டத்தை நிறுத்தினார்கள். 2020-இல் அதன் முதல் குட்டி இறந்துவிட்டது. 2022 அக்டோபரில் ஒரு பெண்குட்டி நலமாகப் பிறந்தது. 2024-இல் அந்தக் குட்டி, ஒரு பந்தயமும் ஓடுவதற்கு முன்பே, 1 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு விலைபோனது. அந்த விலையில் குட்டியின் கால்களுக்கு எவ்வளவு, தாயின் பெயருக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

பெயருக்குக் கொடுக்கும் விலை பலிக்கிறதா? அமெரிக்காவின் ஸென்யாட்டா 20 பந்தயத்தில் 19 வென்றது. அதன் முதல் இரண்டு ஆண்குட்டிகளும் ஒரு பந்தயத்தையும் வெல்லவில்லை. பிளாக் கேவியரின் குட்டிகளில் சில வென்றன. ஆனால் எதுவும் தாயின் அருகில்கூட வரவில்லை. மறுபக்கம் பாருங்கள். பிளாக் கேவியரின் தாயான ஹெல்சிங்கே ஒரு பந்தயமும் ஓடாத குதிரை. லா திரோயென் 7 முறை ஓடி ஒரு முறையும் வெல்லவில்லை, ஆனால் 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பந்தயக் குதிரைகளின் வம்சத்தில் அதற்கு இணையான தாய்கள் மிகக் குறைவு.

அப்படியென்றால் ஓட்டம் தாய்மையைக் கெடுக்கிறது என்று முடிவு கட்டலாமா? கூடாது. பெர்சனல் என்சைன் காலில் எலும்பு முறிந்து, திருகாணி வைத்து, மீண்டும் ஓடி, 13-க்கு 13 வென்று ஓய்வு பெற்றது. அது 1988-இல் பிரீடர்ஸ் கப் பந்தயம் ஒன்றை வென்றது. அதன் மகள் மை ஃபிளாக் 1995-இலும், பேத்தி ஸ்டார்ம் ஃபிளாக் ஃபிளையிங் 2002-இலும் பிரீடர்ஸ் கப் பந்தயங்களை வென்றன. அர்பன் சீ 1993-இல் பாரிஸின் ஆர்க் பந்தயத்தை வென்ற குதிரை. அது ஈன்ற கலிலியோ 2001-இலும், சீ த ஸ்டார்ஸ் 2009-இலும் இங்கிலாந்தின் டெர்பியை வென்றன.

இரண்டு பக்கமும் சான்று இருப்பதற்குக் காரணம் எண்ணிக்கை. புகழ்பெற்ற ஆண்குதிரை ஒரே பருவத்தில் நூறுக்கும் மேற்பட்ட பெண்குதிரைகளோடு சேரும். அதற்கு ஒரு மேதைக் குட்டி கிடைக்க நூறு வாய்ப்பு உண்டு. பெண்குதிரைக்கு ஆண்டுக்கு ஒன்று, வாழ்நாளில் பத்துக் குட்டி என்றாலே பெரிது. 25-க்கு 25 வெல்லும் குதிரை என்பது ஒரு தலைமுறையில் ஒரு முறை நிகழும் தற்செயல். மரபணு, வளர்ப்பு, பயிற்றுநர், நோயின்மை, அதிர்ஷ்டம் எல்லாம் ஒரே இடத்தில் கூடியதால் வந்தது. மறுபடி அதே கூட்டு கூடும் என்று பத்துச் சீட்டை வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம். கூடாதபோது “ஓட்டம் உடலை உறிஞ்சிவிட்டது” என்கிறோம். தாய் தன் பங்கைச் சரியாகத்தான் கொடுத்திருக்கும்.

நண்பரின் கோபத்தில் இருந்த நியாயம் எனக்கு இங்கேதான் தெரிகிறது. ஒவ்வொரு சினையும் பெண்குதிரைக்கு ஓர் ஆபத்து. வயது ஏற ஏற அது கூடும். மூத்த குதிரைகளில் ஈனும் வேளையில் கருப்பையின் தமனி வெடித்துவிடலாம். அப்படியானால் செய்வதற்கு அதிகம் ஒன்றும் இருக்காது. அர்பன் சீ 2009-இல், 20 வயதில், ஒரு குட்டியை ஈன்ற பின் இரத்தப்போக்கில் இறந்தது. சில மாதங்கள் கழித்து அதன் மகன் சீ த ஸ்டார்ஸ் டெர்பியையும் அதே ஆர்க் பந்தயத்தையும் வென்றது. உலகமே தாயின் பெயரைச் சொன்னபோது தாய் இல்லை.

இதற்கு நேர்மாறான ஒரு முடிவும் உண்டு. ரேச்சல் அலெக்சாண்ட்ரா 2009-இல் ஆண்குதிரைகளை வென்று பிரீக்னெஸ் பந்தயத்தைக் கைப்பற்றிய பெண்குதிரை. 2013-இல் தன் இரண்டாவது குட்டியை ஈன்றபோது அதன் பெருங்குடல் காயப்பட்டு, அறுவைச் சிகிச்சை செய்து, மயிரிழையில் பிழைத்தது. அதன் பிறகு உரிமையாளர்கள் அதை மறுபடி சினைக்கு விடவில்லை. அந்தக் கடைசிக் குட்டி பின்னால் முதல்தரப் பந்தயம் ஒன்றை வென்றது. இன்னும் குட்டிகள் பிறந்திருந்தால் என்ன விலைபோயிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நிறுத்தினார்கள். அந்த முடிவை எங்கள் வேலையில் இருப்பவர்கள் மரியாதையோடு சொல்வார்கள்.

ஆகவே, குட்டி தங்குமா என்று கேட்டவர்களுக்கு என் பதில் இது: தங்கும். உடலுக்கு ஓய்வு கொடுத்தால், சரியாகத் தீனி போட்டால், பழைய மருந்தையும் தையலையும் சரிபார்த்தால் தங்கும். அதோடு நாம் இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும். ஓட்டத்தை எந்த வயதில் நிறுத்துகிறோம்? ஈனுவதை எந்த வயதில் நிறுத்துகிறோம்? இரண்டையும் குதிரை தீர்மானிப்பதில்லை. திடலில் அது களைத்துப்போனால் நேரக்கடிகாரம் காட்டிக்கொடுத்துவிடும். பண்ணையில் களைத்துப்போனால், அதைப் பார்ப்பதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும், பார்த்ததைச் சொன்னால் கேட்கும் முதலாளியும் இருக்க வேண்டும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தெரிந்த வரையில் சொல்கிறேன்.